காட்டுச் சிங்கத்தைப் படமெடுக்க: முதல்முறை சஃபாரி போகிறவர்களுக்கு

முதல்முறை சஃபாரி போய் வந்தவர்களின் படங்களை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். புல்லுக்குள் பழுப்பாக ஒரு முதுகு, மூடிய கண், பாதியில் வெட்டுப்பட்ட வால். கேமராவின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிங்கம் ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் விலங்கு. வண்டி வந்து நிற்கிறது, பத்து நிமிடம் படபடவென்று எடுக்கிறார்கள், "அடுத்து என்ன பார்க்கலாம்?" என்று டிரைவரைக் கேட்கிறார்கள், வண்டி கிளம்பிவிடுகிறது. சிங்கம் எழுந்திருக்கும்போது அங்கே யாரும் இருப்பதில்லை.

அது எழுந்திருக்கும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கவேண்டும், உங்கள் கை தயாராக இருக்கவேண்டும், உங்களால் அதற்குத் தொல்லை நேர்ந்திருக்கக் கூடாது. கீழே வருவதெல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

எங்கே, எந்த மாதம்

கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடக்கும் ஒரே புல்வெளி. நடுவே ஓடுவது நாட்டின் எல்லைக்கோடு மட்டும்தான். மாரா தேசியக் காப்பகம் ஏறக்குறைய 1,510 சதுர கிலோமீட்டர். செரெங்கெட்டி தேசியப் பூங்கா 14,763. முதல்முறை போகிறவருக்கு நான் மாராவைத்தான் சொல்வேன். இடம் கைக்கு அடக்கம், மரம் குறைவு, சிங்கம் அதிகம். நான்கு நாள் தங்கினால் ஒரே கூட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு உண்டு.

ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் (மாடு போலத் தெரியும் ஒரு மான் வகை) மந்தைகள் மாராவில் இருக்கும். இரை நிறைய என்பதால் சிங்கங்களுக்கு நல்ல காலம், வண்டிகளின் நெரிசலும் அப்போதுதான். நுழைவுக் கட்டணமும் அதற்கேற்றபடி. 2024 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவருக்கு ஒரு நாளுக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். மந்தை ஆற்றைக் கடப்பதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இல்லாமல் சிங்கத்துக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே போதும். பெரிய மழை தொடங்கும் முன் போய்வந்துவிடலாம். மழை முடிந்த கையோடு போனால் புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கும். சிங்கம் பத்தடி தூரத்தில் படுத்திருந்தாலும் காது நுனி மட்டும்தான் தெரியும்.

செரெங்கெட்டியில் சமவெளியின் நடுவே கருங்கல் பாறைக் குவியல்கள் எழுந்து நிற்கும். கோப்யே என்பார்கள். காலை வெயிலில் சிங்கம் ஏறிப் படுக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது, படமெடுக்கவும்தான். பக்கத்திலேயே கோரோங்கோரோ, 600 மீட்டர் ஆழமும் ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர் பரப்பும் உள்ள எரிமலைப் பள்ளம். அங்கே வண்டி பாதையை விட்டு இறங்கக்கூடாது, ஆனால் சிங்கங்களே பாதைக்கு வரும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகரில் நீங்களே காரை ஓட்டிக்கொண்டு போகலாம். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, காரை விட்டு இறங்கவே கூடாது. புதர் அடர்த்தி என்பதால் சிங்கத்தைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம். நமீபியாவின் எட்டோஷாவில் வறண்ட மாதங்களில் ஒரு நீர்நிலையைத் தேர்ந்து கரையோரம் காத்திருந்தால் போதும், எல்லாம் தண்ணீருக்கு வரும்.

ஆப்பிரிக்காவுக்கு வெளியே காட்டில் சிங்கம் இருப்பது குஜராத்தின் கிர் பகுதியில் மட்டுமே. 2025 கணக்கெடுப்பில் 891 ஆசிய சிங்கங்கள். கிர் தேசியப் பூங்கா ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும். திறந்திருக்கும் மாதங்களில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அவர்கள் குறிக்கும் வழியில், வழிகாட்டியோடு ஜீப்பில்தான் போகவேண்டும். தேக்கு மரங்களுக்கு நடுவே வெளிச்சம் துண்டு துண்டாக விழும். மாராவில் வேலை செய்யும் செட்டிங்கைவிட ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூடுதல் வெளிச்சம் அங்கே தேவைப்படும்.

பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்

தங்கும் கூடாரம் எவ்வளவு சொகுசு என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் வண்டி. ஒரு வண்டியில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் ஜன்னலோர இருக்கை உண்டா, வண்டியில் மற்றவர்களும் படமெடுக்கிறவர்களா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஒரு சிங்கத்தோடு மூன்று மணி நேரம் இருக்க விரும்புவீர்கள், பக்கத்து இருக்கைக் குடும்பம் யானை பார்க்கக் கிளம்பச் சொல்லும். இருவர் மேலும் தப்பு கிடையாது, ஆனால் இருவருக்கும் அந்த நாள் வீண். அறைச் செலவைக் குறைத்து, அந்தப் பணத்தில் தனி வண்டி எடுங்கள். இந்தப் பயணத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுகளில் படத்தை மாற்றக்கூடியது இதுதான். லென்ஸ்கூட இதற்கு அடுத்துத்தான்.

மாரா காப்பகத்தைச் சுற்றி மசாய் மக்களின் நிலங்களில் அமைந்த கன்சர்வன்சிகள் எனப்படும் வனவிலங்குக் காப்பிடங்கள் இருக்கின்றன. அங்கே வண்டிகள் குறைவு; சிங்கத்தைப் பார்க்கப் பாதையை விட்டு இறங்க அனுமதி உண்டு; இரவிலும் போகலாம். காப்பகத்துக்குள் இரவுப் பயணம் கிடையாது. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்பது காப்பகத்தின் விதி. ஆறாவதாக நீங்கள் வந்தால் தள்ளிக் காத்திருக்கவேண்டும்.

விடியுமுன் கிளம்ப முடியுமா, காலை உணவைக் கட்டி எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். எட்டரை மணிக்குச் சாப்பிடத் திரும்பியாக வேண்டும் என்கிற இடம் உங்களுக்கு ஒத்துவராது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். குட்டிச் சிங்கத்தை மடியில் வைத்துப் படமெடுக்கலாம், சிங்கத்தோடு நடக்கலாம் என்று அழைக்கும் இடங்கள் தென்னாப்பிரிக்காவில் உண்டு. அங்கே இருப்பவை கூண்டில் வளர்ந்தவை. தாயிடமிருந்து பிரித்த குட்டிகள். தயவுசெய்து அங்கே போகாதீர்கள்.

பையில் என்ன

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 100-400 அல்லது 150-600 மி.மீ. ஜூம் ஒன்று. அது உங்களிடம் இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள், இந்த ஒரு பயணத்துக்காக வாங்கவேண்டாம். இரண்டாவது கேமரா பாடியில் 70-200 அல்லது 24-105. இரண்டு பாடி ஆடம்பரம் என்று தோன்றும். சிங்கம் எழுந்து நேராக வண்டியை நோக்கி நடந்து வந்து, வண்டி நிழலிலேயே படுத்துக்கொள்ளும் நேரங்கள் உண்டு. அப்போது 400 மி.மீ. லென்ஸில் ஒரு கண் மட்டும்தான் அடங்கும். அந்தப் புழுதியில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் சென்சாரில் அப்பிய தூசி கடைசி நாள் வரை கூடவே வரும்.

முக்காலி வண்டிக்குள் உதவாது. பீன் பேக் எனப்படும் துணிப்பையைக் காலியாகக் கொண்டுபோய், தங்கும் இடத்தில் அரிசியோ பயறோ கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். ஜன்னல் விளிம்பில் அதைப் போட்டு லென்ஸை அழுத்தி வைத்தால் போதும். ஊருக்குக் கிளம்பும்போது தானியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறிய விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான் பெரும்பாலும் அனுமதி, பையும் கெட்டியான சூட்கேஸாக இருக்கக்கூடாது. ஆகவே எடையைக் குறைக்கவேண்டியது துணிமணியில்.

புழுதிக்காகக் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. பழைய தலையணை உறை அருமையாக வேலை செய்யும், ஈரத்தையும் உறிஞ்சும். கருப்பு, கருநீலச் சட்டை வேண்டாம். செட்சே ஈக்களுக்கு அந்த நிறங்கள்தான் பிடிக்கும், கடி துணியைத் தாண்டி இறங்கும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சிறப்பு அனுமதி இல்லாமல் இந்தப் பூங்காக்களில் பறக்கவிட முடியாது.

கைபேசி மட்டுமே இருக்கிறதா? பரவாயில்லை. சிங்கத்தைப் பெரிதாக்க முயன்று படத்தைப் பாழாக்காமல், வானமும் புல்லும் மரமுமாக, அதற்குள் சிறியதாகச் சிங்கம் நிற்கும்படி எடுங்கள்.

முந்தின இரவே செட்டிங்

சிங்கம் ஓடத் தொடங்கியபிறகு மெனுவைத் தேடினால் கையும் ஓடாது, காலும் ஓடாது. இரவே செய்துவைக்க வேண்டிய வேலை இது.

மேனுவல் மோடு, ஆட்டோ ஐ.எஸ்.ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறனைக் கேமராவே தேர்ந்துகொள்ளும்). அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 5.6 அல்லது உங்கள் லென்ஸ் திறக்கும் அளவு. ஷட்டர் 1/1000 நொடி. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில், விலங்கின் கண்ணைத் தேடும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். படம் ரா வடிவில் (கேமரா திருத்தாத மூலப் பதிவு). பர்ஸ்ட் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை தொடர்ந்து எடுப்பது) நடுத்தர வேகம். இதுதான் உங்கள் தொடக்கநிலை. ஒவ்வொரு முறை வண்டி நகரும்போதும் இந்த நிலைக்கே திருப்பிவிடுங்கள்.

இதிலிருந்து விலகுவது எப்போது? படுத்திருக்கும் சிங்கத்துக்கு 1/250 போதும், பீன் பேக் இருந்தால் அதற்கும் கீழே போகலாம். குட்டிகள் விளையாடும்போது 1/1600. துரத்தல் என்றால் 1/2500. விடியலின் மங்கலில் ஐ.எஸ்.ஓ 6400 வரை ஏறும், ஏறட்டும். புள்ளிகள் தெறித்த கூர்மையான படத்தைக் கணினியில் சரிசெய்யலாம், அசைந்து மங்கிய படத்தை ஒன்றும் செய்யமுடியாது.

இரண்டு சிங்கங்கள் சேர்ந்திருக்கும்போது பலர் ஏமாறுகிறார்கள். 20 மீட்டர் தூரத்தில் 400 மி.மீ. லென்ஸை எஃப் 5.6-இல் வைத்தால் கூர்மை இருக்கும் ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஒன்றின் முகம் கூர்மையாகவும் பின்னால் இருப்பதன் முகம் கரைந்தும் வரும். இரண்டு முகமும் வேண்டுமென்றால் எஃப் 11-க்குப் போங்கள், அல்லது இரண்டும் ஒரே நேர்க்கோட்டுக்கு வரும்வரை பொறுங்கள்.

புல்லுக்குப் பின்னால் சிங்கம் இருந்தால் கண்ணைத் தேடும் வசதி புல் நுனியைப் போய்ப் பிடிக்கும். ஒரே ஒரு சிறிய ஃபோகஸ் புள்ளிக்கு மாறுவதற்கு ஒரு பொத்தானை ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு தட்டும் அளவுக்குப் பழகுங்கள்.

இருட்டோடு கிளம்புங்கள்

மாரா நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி தெற்கே இருக்கிறது. வருடம் முழுக்கச் சூரியன் காலை ஆறரையை ஒட்டி எழும், எழுந்தவுடன் செங்குத்தாக மேலேறும். பொன்வெயில் என்று சொல்வது ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால். ஏழு மணிக்குக் கூடாரத்தை விட்டுக் கிளம்பினால் சிங்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் வெளிச்சம் வெளுத்துவிடும்.

படுக்கையில் இருக்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. சிங்கத்தின் கர்ஜனை 8 கிலோமீட்டர் வரை கேட்கும். இரவு எந்தத் திசையில் கேட்டது, கடைசியாக எத்தனை மணிக்கு என்று வழிகாட்டியிடம் சொல்லுங்கள். அவரும் கேட்டிருப்பார். இரண்டு பேர் சொல்லும் திசையும் ஒத்துப்போனால் தேடும் நேரம் பாதியாகும்.

வழியில் மற்ற விலங்குகளின் பார்வையைக் கவனியுங்கள். நான்கைந்து ஒட்டகச்சிவிங்கிகள் மேயாமல் அசையாமல் ஒரே திசையைப் பார்த்து நின்றால் அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. கழுதைப்புலிகள் ஒரே பக்கமாக ஓடினாலும், பிணந்தின்னிக் கழுகுகள் மரத்தில் அமர்ந்து தரையில் இறங்காமல் காத்திருந்தாலும் அங்கே இரையோடு சிங்கம் இருக்கக்கூடும்.

படுத்திருக்கும் சிங்கத்தைப் படியுங்கள்

கூட்டத்தைக் கண்டாயிற்று. முதல் ஐந்து நிமிடத்தில் ஆசை தீர நான்கு படம் எடுத்துவிட்டு, கேமராவை மடியில் வையுங்கள். வயிற்றைப் பாருங்கள். வயிறு பீப்பாய் போல உப்பி, மூச்சுக்கு மூச்சு பக்கவாட்டில் ஆடினால் இரவு சாப்பிட்டிருக்கிறது; மாலை வரை அசையாது. இடுப்பெலும்புக்கு முன்னால் குழி விழுந்து, விலா லேசாகத் தெரிந்தால் பசி. எந்தக் கூட்டத்தோடு நாளைச் செலவிடுவது என்று முடிவெடுக்க இதைவிட நல்ல குறிப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

பிறகு வாய். வெயிலில் சிங்கம் வாய் திறந்து இரைத்துக்கொண்டே இருக்கும். திடீரென்று இரைப்பு நின்று, வாய் மூடி, இரண்டு காதும் முன்னால் திரும்பினால் அது எதையோ கேட்டிருக்கிறது. அந்தக் கணத்தில்தான் முகம் விழிக்கும். கேமரா கண்ணருகே போகவேண்டிய நேரம் அது. ஒரு காது மட்டும் தனியாகத் திரும்பினால் பெரும்பாலும் ஈதான்.

கொட்டாவியைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். தூக்கம் வருகிறது என்று நினைத்து வண்டியைக் கிளப்பச் சொல்வார்கள். மாலையில் தொடர்ந்து வரும் கொட்டாவிகள் எழப்போகிறது என்பதற்கான அடையாளம். முதல் கொட்டாவியைத் தவறவிட்டால் வருந்தவேண்டாம், இரண்டாவதும் மூன்றாவதும் பின்னாலேயே வரும். தலையோடு வாய் மேலே உயர்வதால் ஃபிரேமில் மேலே இடம் விட்டு, 1/800 வைத்துக் காத்திருங்கள். கோரைப்பற்கள் முழுவதும் தெரிவது அரை நொடிதான். அப்புறம் சோம்பல் முறிக்கும், நக்கிக்கொள்ளும், ஒன்றன் கன்னத்தோடு ஒன்று கன்னம் உரசும். இந்த உரசல் தொடங்கிவிட்டால் கூட்டம் கிளம்பப்போகிறது. பாசம் தெரியும் படங்கள் எல்லாம் இந்த ஐந்து பத்து நிமிடத்தில் கிடைப்பவைதான்.

ஆண் சிங்கம் தரையை முகர்ந்துவிட்டுத் தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, கண்ணைப் பாதி மூடிச் சில நொடி அப்படியே நிற்கும். பெண் சிங்கத்தின் சிறுநீர் மணத்தை வாயின் மேலண்ணத்தில் இருக்கும் உறுப்புக்கு ஏற்றிப் பார்க்கிறது. பார்க்கக் கோபம் போலவே இருக்கும். படம் எடுங்கள், அதன் கீழே "சீறும் சிங்கம்" என்று மட்டும் எழுதவேண்டாம்.

இணைசேரும் சோடியைக் கண்டால் அங்கேயே தங்கிவிடுங்கள். பல நாள் தொடர்ந்து, பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இணைசேரும். கடைசியில் பெண் சட்டென்று திரும்பிச் சீறும், ஆண் பின்வாங்கும். முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் அடுத்தது எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். காட்டில் இப்படி நேரம் சொல்லிவிட்டு வரும் காட்சி வேறு ஏது?

பிடரியின் நிறம் படத்தைப் பெரிதும் மாற்றும். கரும்பிடரி உள்ள ஆண் நன்றாகத் தின்று வளர்ந்தது, பெண்களும் அதையே நாடுகின்றன என்று செரெங்கெட்டியில் ஆய்வாளர்கள் பெய்டன் வெஸ்டும் கிரெய்க் பேக்கரும் பொம்மைச் சிங்கங்களை வைத்துச் செய்த ஆய்வில் 2002-இல் காட்டினார்கள். நமக்கு அது வெளிச்சக் கணக்கு. கரும்பிடரியும் நிழலும் சேர்ந்தால் கண் இருளில் போய்விடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள். வெளுத்த வானத்தைப் பின்னணியாக வைத்துப் பாறைமேல் நிற்கும் சிங்கத்துக்கு ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டலாம். நேர் வெயிலில் புல்வெளியில் நிற்கும் மஞ்சள் சிங்கத்துக்கு எதையும் தொடவேண்டாம், கேமரா சொல்வதே சரியாக இருக்கும்.

வண்டியை எங்கே நிறுத்துவது

நடக்கும் சிங்கத்தின் பின்னால் போனால் வாலும் பிட்டமும்தான் கிடைக்கும். அது போகும் திசையை வழிகாட்டியோடு பேசிக் கணித்து, சுற்றிக்கொண்டு நூறு மீட்டர் முன்னால் போய், அதன் வழியிலிருந்து விலகி, வெயில் உங்கள் முதுகுக்கு வரும்படி நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடினால் அதிர்வு லென்ஸுக்கு ஏறும். அணைத்த பிறகு காதில் விழும் அமைதியில் சிங்கம் நடந்து வரும்போது பாதம் புல்லை விலக்கும் ஓசைகூடக் கேட்கும்.

கூரையைத் திறந்து நின்று எடுப்பது பார்க்க வசதி, படத்துக்கு நல்லதல்ல. மேலிருந்து கீழே பார்த்த சிங்கம் சிறுத்துத் தெரியும். இருக்கையில் உட்கார்ந்து, முடிந்தால் வண்டியின் தரையிலேயே அமர்ந்து, ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து எடுங்கள். அதன் கண்ணும் உங்கள் லென்ஸும் ஒரே மட்டத்துக்கு வரும்போது படத்தைப் பார்க்கிறவர் பின்னால் நகர்ந்து உட்காருவார். சிங்கம் நாற்பது மீட்டருக்கு அப்பால் இருந்தால் உயரத்தின் வித்தியாசம் குறைந்துவிடும். அப்போது கூரை வழியாகவும் எடுக்கலாம்.

வண்டியையும் அதற்குள் இருப்பவர்களையும் சிங்கம் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. நீங்கள் எழுந்து நின்றாலோ, கையை வெளியே நீட்டினாலோ அந்த ஒற்றை உருவம் உடைகிறது. கீழே இறங்குவது என்ற பேச்சே கிடையாது; விழுந்த லென்ஸ் மூடியாக இருந்தாலும் அது அங்கேயே கிடக்கட்டும். சிங்கம் காதைப் பின்னுக்கு மடக்கி, தலையைத் தாழ்த்தி, வாலைச் சுழற்றி அடித்தால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம். வழிகாட்டியிடம் மெல்லச் சொல்லுங்கள், அவர் பின்வாங்குவார். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் இரண்டாவது பயணம். பிற்பகல் நான்கு மணி. விலா தெரியும் அளவுக்கு மெலிந்த பெண் சிங்கம் ஒன்று காட்டுப்பன்றியை நோக்கிப் புல்லில் வயிறு படிய நகர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் இடையில் ஒரு புதர். முகம் தெரியவில்லை என்று, வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுக்கும்படி வழிகாட்டியை வற்புறுத்தினேன். அவர் வேண்டாம் என்றார். நான் மறுபடியும் கேட்டேன். வண்டி முப்பது மீட்டர் நகர்ந்தது. பன்றி தலையை நிமிர்த்தியது, வால் செங்குத்தாக எழுந்தது, ஓடிவிட்டது. சிங்கம் எழுந்து நின்று எங்கள் வண்டியைச் சில நொடி பார்த்தது. பிறகு புதர்களுக்குள் திரும்பி நடந்தது. அங்கே மூன்று குட்டிகள் காத்திருந்தன. அவற்றுக்கும் அன்று இரவு ஒன்றுமில்லை. அந்தப் பார்வையை நான் படமெடுத்திருக்கிறேன். கூர்மையான படம்தான். இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

வேட்டை தொடங்கிவிட்டால் வண்டி நகரக்கூடாது. எஞ்சின் அணைந்தே இருக்கவேண்டும், பேச்சு நிற்கவேண்டும். சிங்கத்துக்கும் இரைக்கும் நடுவில், தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் வண்டி போகக்கூடாது. வழிகாட்டி வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் அதுவே முடிவு. நல்ல படத்துக்காகக் கூடுதல் பணம் தருகிறேன் என்று அவருக்கு ஆசை காட்டாதீர்கள். விதியை மீறினால் வேலை போவது அவருக்குத்தான். கிளம்பும் முதல் நாளே, "நெருக்கம் முக்கியமில்லை, நேரம்தான் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

வெயில் ஏறியபின், மாலையில், மழையில்

பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து எழும் வெப்ப அலையில் தூரத்துச் சிங்கம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று பயப்படவேண்டாம். அந்த நேரத்தில் தூரப் படம் எடுக்காமல், பக்கத்தில் படுத்திருப்பவற்றின் பாதம், வால் நுனியின் கறுப்புக் குஞ்சம், காதின் பின்பக்கக் கறுப்பு, குட்டியின் வயிற்றுப் புள்ளிகள் என்று துண்டு துண்டாக எடுங்கள். அல்லது தூங்குங்கள். காலை நான்கரைக்கு எழுந்த உடம்புக்கு மாலைக்குத் தெம்பு வேண்டும்.

மாலையில் சூரியன் தாழ்ந்ததும் ஒருமுறையாவது வண்டியை எதிர்ப்பக்கம் கொண்டுபோய், வெயிலை நோக்கி எடுங்கள். ஒரு ஸ்டாப்பிலிருந்து இரண்டு வரை குறைத்தால் சிங்கம் இருண்டு, பிடரியின் விளிம்பு மட்டும் நெருப்புக் கோடாக வரும். பின்னணியில் நிழல் விழுந்த மேடு இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

மழை வந்தால் கூடாரத்துக்குத் திரும்பாதீர்கள். பிற்பகல் மழை நின்றதும் ஆண் சிங்கம் எழுந்து தலையை உதறும். தண்ணீர் வட்டமாகத் தெறிக்கும், பிடரி முகத்தைச் சுற்றி விசிறியாக விரியும். 1/1600 வைத்து, முழுத் தலைக்கும் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு, உதறல் தொடங்கிய நொடியிலிருந்து முடியும்வரை விரலை எடுக்காதீர்கள். இருபது படத்தில் ஒன்றில் கண் திறந்திருக்கும்.

இரவில்

கார்டிலிருந்து இரண்டு வெவ்வேறு வட்டுகளுக்குப் படங்களை ஏற்றி, இரண்டையும் வேறு வேறு பைகளில் வையுங்கள். அதன்பிறகே கார்டை அழிக்கலாம். பேட்டரிகளை மின்சாரம் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். பல முகாம்களில் சூரிய மின்சாரம் என்பதால் இரவு முழுக்க இருக்காது. லென்ஸை ஊதுபந்தால் ஊதிய பிறகே துடைக்கவேண்டும். புழுதியோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். படங்களை அங்கேயே நீக்கவேண்டாம், களைத்த கண்ணுக்கு நல்லதும் கெட்டதும் தெரியாது.

ஒன்று மட்டும் கூடுதலாகச் செய்யுங்கள். பார்த்த ஒவ்வொரு சிங்கத்துக்கும் இடக் கன்னம் ஒன்று, வலக் கன்னம் ஒன்று, பக்கவாட்டில் தெளிவாக எடுத்து, தேதியும் பகுதியும் எழுதிவையுங்கள். மீசை மயிர் முளைக்கும் இடத்தில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். மேல் வரிசையில் ஒரு சில புள்ளிகள் மட்டும். அதற்குக் கீழே ஒரு முழு வரிசை. அந்த மேல் புள்ளிகள் கீழ் வரிசையின் எந்தெந்தப் புள்ளிகளுக்கு மேலே விழுகின்றன என்பது சிங்கத்துக்குச் சிங்கம் மாறும், இடம் வலமும் மாறும், வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும். பென்னிக்விக், ருட்னை என்ற இரு ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்ட முறை இது. இன்றும் ஆய்வாளர்கள் சிங்கங்களை இப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள். பயணிகள் தரும் கூர்மையான கன்னப் படங்கள் அவர்களுக்கு உதவும். முகாமில் கேட்டால் அந்தப் பகுதியில் யாரிடம் கொடுப்பது என்று சொல்வார்கள்.

நான் வேட்டையைக் கெடுத்த அந்தப் பெண் சிங்கத்தின் இடக் கன்னப் படம் என்னிடம் இருந்தது. மேல் வரிசையில் இரண்டே புள்ளிகள், ஒன்றையொன்று ஒட்டினாற்போல். இரண்டு ஆண்டு கழித்து அதே பகுதியில், ஆற்றங்கரை மரத்தடியில் ஐந்து சிங்கங்கள் படுத்திருந்தன. வயிறுகள் உருண்டு நிறைந்திருந்தன. ஓரத்தில் கிடந்த பெரியதை எடுத்துத் திரையில் பெருக்கிப் பார்த்தேன். இரண்டு புள்ளிகள், ஒட்டினாற்போல். இரவு மடிக்கணினியில் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, கீழ் வரிசையை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தேன். அதேதான்.